1.2 என்றால் எவ்வளவு?



உங்கள் வீட்டில் ரேஷன் அட்டையும் மின் கட்டண அட்டையும் பாட்டியின் மருந்துச் சீட்டுகளும் போட்டு வைத்திருக்கும் பையை ஒரு நாள் திறந்து பாருங்கள். இரத்தப் பரிசோதனைத் தாள் ஒன்றாவது அதில் இருக்கும். ‘கிரியாட்டினின் 1.2’ என்று ஒரு வரி. அதற்கு நேராக, இயல்பு அளவு ‘0.6 – 1.2’ என்று அச்சிட்டிருக்கும். வீட்டில் உள்ளவர்கள் இரண்டையும் பார்த்துவிட்டு, “கோட்டைத் தாண்டவில்லை, பயமில்லை” என்று தாளை மடித்து வைத்திருப்பார்கள்.

அந்த ஒப்பீடு போதாது என்பதே என் கட்சி. ‘இயல்பு’ என்ற அந்த ஒரு சொல், சிறுநீரகம் பாதி கெட்டுப்போன ஒருவரையும் நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பி வைக்கக் கூடியது. நான் மருத்துவன் அல்லன். கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். நோய்க்கு மருந்து சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் ஓர் எண்ணைக் கண்டால் அது எதனுடைய அளவு, எதைப் பொறுத்து மாறுகிறது என்று கேட்பது எங்கள் தொழில். அந்தக் கேள்வியை இந்த 1.2-இடம் கேட்டுப் பார்ப்போம். அதற்கு நீங்கள் எட்டாம் வகுப்பில் படித்த எதிர்விகிதம் போதும்.

சிறுநீரகத்தின் வேலையை முதலில் கணக்காகப் பார்த்துவிடுவோம். முதுகெலும்பின் இரு புறமும், விலா எலும்புகளின் கீழ் விளிம்பை ஒட்டி, அவரை விதை வடிவில் இரண்டு உறுப்புகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 150 கிராம். இரண்டும் சேர்ந்து உடல் எடையில் இருநூறில் ஒரு பங்குதான். ஆனால் இதயம் நிமிடந்தோறும் வெளியேற்றும் சுமார் 5 லிட்டர் இரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு இவற்றுக்குப் போகிறது! இவ்வளவு சிறிய உறுப்புக்கு இவ்வளவு இரத்தம் எதற்கு? உணவூட்டுவதற்கு அன்று, வடிகட்டுவதற்கு.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் பத்து லட்சம் நெஃப்ரான்கள் உண்டு. ஒவ்வொரு நெஃப்ரானின் தலைப்பிலும் கிளாமருலஸ் என்னும் தந்துகிகளின் முடிச்சு. இரத்தம் உள்ளே வரும் நாளத்தைவிட வெளியேறும் நாளம் குறுகலானது. தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் ரப்பர் குழாயின் முனையை விரலால் பாதி அடைத்தால் பின்னால் குழாய் விறைத்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அதேபோல் கிளாமருலஸுக்குள் அழுத்தம் ஏறி நிற்கிறது. ஏறத்தாழ 50 மில்லிமீட்டர் பாதரசம். உடலின் மற்றத் தந்துகிகளில் இவ்வளவு இல்லை. இந்த அழுத்தத்தால் நீரும், உப்புகளும், சர்க்கரையும், கழிவுகளும் சவ்வைத் தாண்டி வெளியே பிதுங்குகின்றன. இரத்த அணுக்களும் ஆல்புமின் போன்ற பெரிய புரதங்களும் உள்ளேயே தங்கிவிடுகின்றன.

சிறுநீர் பிறப்பதற்கு மர்மமான உயிர்ச்சக்தி எதுவும் வேண்டாம், வடிகட்டலுக்கு அழுத்தமே போதும் என்று 1840களில் வாதாடியவர் ஜெர்மனியின் கார்ல் லுட்விக். எண்பது ஆண்டுகள் கழித்து, 1924இல், அமெரிக்காவில் வேர்ன், ரிச்சர்ட்ஸ் என்ற இருவர் ஒரு தவளையின் கிளாமருலஸிலிருந்து நுண்ணிய கண்ணாடிக் குழாயால் திரவத்தை உறிஞ்சி எடுத்து, அதில் புரதம் இல்லை என்று காட்டினார்கள். நம் மயிரிழையை விடச் சிறிய குழாயைக் கையால் இழுத்துச் செய்த சோதனை அது. நெஞ்சுரம் வேண்டும்.

இவ்வாறு வடியும் திரவம் நிமிடத்துக்கு 100 முதல் 125 மில்லிலிட்டர். 125 என்று வைத்துக்கொண்டு 1,440 நிமிடங்களால் பெருக்குங்கள். ஒரு நாளைக்கு 180 லிட்டர். பெரிய குடத்தில் பன்னிரண்டு குடம். இதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கை நெஃப்ரானின் குழல்கள் திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன. மீதி ஒன்றரை லிட்டர்தான் சிறுநீர். நிமிடத்துக்கு இத்தனை மில்லிலிட்டர் என்ற இந்த வடிகட்டல் வீதமே சிறுநீரகத்தின் திறமைக்கு உண்மையான அளவுகோல். பரிசோதனைத் தாள்களில் இ.ஜி.எஃப்.ஆர். என்று குறிப்பிடுவது இதன் மதிப்பீட்டைத்தான்.

கிரியாட்டினின் எங்கிருந்து வந்தது? தசைகளிலிருந்து. தசையில் ஆற்றலைச் சேமித்து வைக்கும் கிரியாட்டின் என்ற பொருள், நாள்தோறும் ஒரு சிறு பங்கு சிதைந்து கிரியாட்டினின் ஆகிறது. உடலுக்கு அதனால் பயன் இல்லை. பெரிய கேடும் இல்லை. பிறகு ஏன் அதை அளக்கிறார்கள்? அது அன்றாடம் ஒரே சீராக உண்டாகிறது, பெரும்பாலும் சிறுநீரகத்தின் வழியாகவே வெளியேறுகிறது, அளப்பதும் எளிது. காரம் கலந்த பிக்ரிக் அமிலத்தோடு சேர்ந்தால் அது ஆரஞ்சு நிறம் தரும் என்று மாக்ஸ் யாஃபே 1886இல் கண்டுபிடித்தார். இன்றும் பல ஆய்வுக்கூடங்களில் அதே நிறமாற்றத்தைத்தான் கருவி அளக்கிறது. ஆக, கிரியாட்டினின் குற்றவாளி அன்று, சாட்சி. சாட்சி சொல்வதை எப்படிப் புரிந்துகொள்வது என்பதே நம் பிரச்சினை.

ஒரு தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 1 மில்லிகிராம் சாயப்பொடி அதில் விழுந்துகொண்டே இருக்கிறது. பக்கத்தில் ஒரு வடிகட்டி. அது நிமிடத்துக்கு 1 டெசிலிட்டர், அதாவது 100 மில்லிலிட்டர் நீரை இழுத்து, சாயத்தை முழுவதும் நீக்கி, நீரைத் தொட்டிக்கே திருப்பி விடுகிறது. தொட்டியின் நிறம் எந்த அளவில் போய் நிற்கும்? விழும் பொடியும் நீங்கும் பொடியும் சமமாகும் அளவில். டெசிலிட்டருக்கு 1 மில்லிகிராம் இருந்தால்தான் வடிகட்டியால் நிமிடத்துக்கு 1 மில்லிகிராம் நீக்க முடியும். எனவே செறிவு 1.

இப்போது வடிகட்டி பாதி அடைத்துக்கொண்டது என்க. நிமிடத்துக்கு 50 மில்லிலிட்டரைத்தான் அதனால் இழுக்க முடிகிறது. முதலில் அரை மில்லிகிராம்தான் நீங்கும். மீதி தொட்டியில் தேங்கும். நிறம் அடர்ந்துகொண்டே போகும். செறிவு 2 ஆனதும், 50 மில்லிலிட்டரிலேயே 1 மில்லிகிராம் இருப்பதால், மீண்டும் வரவும் செலவும் சமமாகிவிடும். கவனியுங்கள்: கெட்டுப்போன வடிகட்டியும் நிமிடத்துக்கு அதே 1 மில்லிகிராமை வெளியேற்றிக்கொண்டுதான் இருக்கிறது. “சிறுநீர் நன்றாகத்தானே போகிறது” என்று பெரியவர்கள் சொல்வது எதற்கும் சாட்சி ஆகாமல் போவது இதனால்தான்.

உடலில் நடப்பதும் ஏறத்தாழ இதுவே. நல்ல தசைக்கட்டுள்ள ஓர் ஆணின் உடலில் நிமிடத்துக்குச் சுமார் 1 மில்லிகிராம் கிரியாட்டினின் உண்டாகிறது. வடிகட்டல் வீதம் 100 ஆனால் இரத்தத்தில் செறிவு 1. வீதம் 50 ஆனால் செறிவு 2. 25 ஆனால் 4. பன்னிரண்டரை ஆனால் 8. ஒரு வரைபடத் தாளில் இந்த நான்கு புள்ளிகளையும் குறித்துக் கோடு வரையுங்கள். நேர்கோடு வராது. நெடுந்தூரம் தரையோடு தவழ்ந்து வந்து, கடைசியில் சுவர் போல் நிமிரும் வளைகோடு வரும்.

இந்தக் கோட்டின் வடிவம்தான் நாம் ஏமாறுவதற்கு முழுக் காரணம். 1 என்பது 2 ஆகும்போது 50 மில்லிலிட்டர் திறன் போய்விட்டது. 4 என்பது 8 ஆகும்போது போவது பன்னிரண்டரைதான். வீட்டில் எப்போது பதறுகிறோம்? 4 என்பது 8 ஆகும்போது. காப்பாற்ற நிறைய இருந்த காலத்தில் அமைதியாக இருந்துவிட்டு, காப்பாற்ற அதிகம் இல்லாதபோது ஓடுகிறோம்.

இதைவிட மோசமான செய்தி ஒன்று உண்டு. எல்லாருக்கும் தசை ஒரே அளவன்று. மெலிந்த உடல்வாகுள்ள ஒரு பெண்ணுக்கு நிமிடத்துக்கு 0.6 மில்லிகிராம்தான் உண்டாகிறது என்று கொள்ளுங்கள். சிறுநீரகம் நன்றாக இருந்த காலத்தில் அவர் அளவு 0.6. பாதித் திறன் போனபின் 1.2. இரண்டும் தாளில் உள்ள கோட்டுக்குள்ளேதான் இருக்கின்றன! போதாக்குறைக்கு, வடிகட்டல் குறையும்போது நெஃப்ரானின் குழல்களும் கொஞ்சம் கிரியாட்டினினைத் தாமாகவே வெளியே தள்ளுகின்றன. ஆகவே உண்மை நிலை, எண் சொல்வதைவிடச் சற்று மோசமாகவே இருக்கும்.

மருத்துவர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். 1976இல் கனடாவில் காக்கிராஃப்ட், கால்ட் என்ற இருவர் ஓர் எளிய வாய்பாட்டை வெளியிட்டார்கள். 140-இலிருந்து வயதைக் கழியுங்கள். கிலோகிராமில் எடையால் பெருக்குங்கள். கிரியாட்டினினை 72-ஆல் பெருக்கி, அதனால் வகுங்கள். பெண்ணாயின் விடையை 0.85-ஆல் பெருக்குங்கள். நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் என்று தோராயமாக வரும். 25 வயது, 72 கிலோ எடையுள்ள இளைஞர் ஒருவருக்குக் கிரியாட்டினின் 1.2 என்றால் விடை 96. 60 வயது, 54 கிலோ எடையுள்ள அம்மையார் ஒருவருக்கு அதே 1.2 என்றால்? போட்டுப் பாருங்கள், 42.5 வரும். இன்று ஆய்வுக்கூடங்கள் வேறு வாய்பாடுகளைப் பயன்படுத்துகின்றன. 2021இல் திருத்தியமைத்த வாய்பாட்டின்படி இளைஞருக்கு 86, அம்மையாருக்கு 52. விடைகள் கொஞ்சம் முன்பின் ஆனாலும், ஒரே 1.2 இரண்டு பேருக்கு இரண்டு பொருள் தருகிறது என்பதில் மாற்றம் இல்லை. வயதாக ஆக வீதம் சிறிது குறைவது இயற்கை என்பதும் நினைவிருக்கட்டும். 60-க்குக் கீழ் மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அதை நாள்பட்ட சிறுநீரக நோய் என்கிறார்கள்.

உங்களில் யாரேனும் இந்த வாய்பாட்டில் உங்கள் வயதைப் போட்டுப் பார்த்து மகிழ வேண்டாம், அது பெரியவர்களுக்கு. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு உயரத்தைச் சென்டிமீட்டரில் எடுத்து 0.413-ஆல் பெருக்கிக் கிரியாட்டினினால் வகுப்பது வழக்கம். 150 சென்டிமீட்டர் உயரமும் 0.6 கிரியாட்டினினும் உள்ள மாணவிக்கு 103 வரும்.

இன்னோர் எச்சரிக்கை. தொட்டிக் கணக்கு சமநிலையில்தான் செல்லும். கடும் வயிற்றுப்போக்கிலோ, கண்ணாடி விரியன் கடித்தோ, சிறுநீரகம் திடீரென்று நின்றுவிட்டால், தொட்டி நிறையச் சில நாள்கள் பிடிக்கும். முதல் நாள் எண் 1 என்று இருப்பதைக் கண்டு ஆறுதல் அடைவது பேதைமை. அத்தகைய நேரத்தில் மருத்துவர் பார்க்கச் சொல்வது சிறுநீர் எவ்வளவு வருகிறது என்பதை.

எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் மூன்று தாள்களோடு என்னைப் பார்க்க வந்தார். 2014இல் 0.7, 2018இல் 0.9; 2022இல் 1.2. மூன்றிலும் ‘இயல்பு’. சர்க்கரை நோய் உள்ளவர். முழங்கால் வலிக்குக் கடையில் மாத்திரை வாங்கிச் சாப்பிடும் பழக்கமும் உண்டு. “இது மூன்றும் நன்றாகத்தானே இருக்கிறது சார், ஏன் கால் வீங்குகிறது?” என்று கேட்டார். நான் எண்களைத் தலைகீழியாக எழுதிக் காட்டினேன். 1-ஐ 0.7-ஆல் வகுத்தால் 1.43, 0.9-ஆல் வகுத்தால் 1.11; 1.2-ஆல் வகுத்தால் 0.83. நான்கு ஆண்டுக்கு 0.3 வீதம் ஒரே சீராக இறங்கும் படிக்கட்டு. தனித்தனியே மூன்று ‘இயல்பு’கள், சேர்த்து வைத்தால் நூற்றுக்கு நாற்பது பங்குக்கு மேல் இழப்பு. மறுநாளே மருத்துவரிடம் போனார். அதுவரை அவருடைய சிறுநீரை யாரும் பரிசோதித்திருக்கவில்லை. பரிசோதித்தபோது புரதம் ஒழுகியது. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து மாற்றினார்கள். வலி மாத்திரையை நிறுத்தினார்கள். 2025இல் அவர் அளவு 1.3. பழைய வேகத்தில் போயிருந்தால் 1.6-ஐத் தொட்டிருக்கும்.

தலைகீழி போடும் இந்த யுக்தி என் கண்டுபிடிப்பன்று. அதே 1976இல் அமெரிக்காவில் வில்லியம் மிட்ச் என்ற மருத்துவரும் உடன் ஆய்வாளர்களும், பல நோயாளிகளுக்குக் கிரியாட்டினினின் தலைகீழியைக் காலத்துக்கு எதிராக வரைந்தால் ஏறக்குறைய நேர்கோடு வருகிறது என்று காட்டினார்கள். எல்லாருக்கும் வருவதில்லை, நடுவில் கோடு முறியலாம், சிகிச்சையால் கிடையாகவும் படுக்கலாம். ஆனால் ஒற்றைப் புள்ளிக்குச் சரிவு கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். ஒரே ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு சிறுநீரகத்தின் போக்கைச் சொல்ல முயல்வது, ஒரு புள்ளியைக் கொடுத்துவிட்டு அதன் வழியே செல்லும் கோட்டை வரையச் சொல்வது போன்றது.

சிறுநீரகம் ஏன் இவ்வளவு நாள் வாய் திறப்பதில்லை? அதன் தாராள குணம்தான் காரணம். ஒருவர் ஒரு சிறுநீரகத்தைத் தானம் செய்தால் வடிகட்டல் வீதம் சரிபாதியாகக் குறைந்து நின்றுவிடுவதில்லை. மிஞ்சிய சிறுநீரகம் சற்றுப் பெருத்து, தன் வேலையைக் கூட்டிக்கொண்டு, மொத்தத்தை ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக்குக் கொண்டுவந்துவிடுகிறது. நோயிலும் இதே கதை: சில நெஃப்ரான்கள் மடிந்தால் மற்றவை சுமையைப் பகிர்ந்துகொள்கின்றன. ஆனால் கூடுதல் சுமை என்றால் கூடுதல் அழுத்தம். அந்த அழுத்தமே அவற்றையும் சிதைக்கிறது. இறந்த நெஃப்ரானுக்குப் பதில் புதியது முளைப்பதில்லை.

ஆகவே இரத்தத்தில் எண் ஏறும்வரை காத்திராமல், சவ்வு கிழிய ஆரம்பித்ததுமே அறிய வழி உண்டா? உண்டு, இருநூறு ஆண்டுகளாக உண்டு. லண்டனின் கைஸ் மருத்துவமனையில் ரிச்சர்ட் பிரைட் என்ற மருத்துவர், உடல் வீங்கிய நோயாளிகளின் சிறுநீரை ஒரு கரண்டியில் எடுத்து மெழுகுவர்த்திச் சுடரில் காட்டினார். முட்டையின் வெள்ளைக்கரு போல அது திரைந்தது. கிளாமருலஸ் தடுத்து நிறுத்தியிருக்க வேண்டிய ஆல்புமின் வெளியே கசிந்திருக்கிறது என்று பொருள். அவ்வாறு இறந்தவர்களின் சிறுநீரகங்கள் கெட்டிருந்ததையும் கண்டு 1827இல் நூலாக வெளியிட்டார். பெரும்பாலான சிறுநீரக நோய்களில், சர்க்கரையால் வருவதில் குறிப்பாக, கிரியாட்டினின் கோட்டைத் தாண்டுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஆல்புமின் கசியத் தொடங்கிவிடுகிறது.

இப்போது ஆல்புமினைத் தனியாக அளப்பதில்லை. சிறுநீரில் உள்ள கிரியாட்டினினோடு சேர்த்து விகிதமாகச் சொல்கிறார்கள். அதற்கும் ஓர் அழகான காரணம் உண்டு. நீங்கள் நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுப் போனால் சிறுநீர் நீர்த்துவிடும். ஆல்புமினும் நீர்த்துவிடும், கிரியாட்டினினும் அதே அளவுக்கு நீர்த்துவிடும். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் தண்ணீர் கணக்கிலிருந்து விலகிவிடுகிறது. 1 கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழ் ஆல்புமின் இருந்தால் நல்லது.

விலையுயர்ந்த கருவி இல்லாமலே இதைச் செய்ய முடியும் என்பதற்கு நம் ஊரிலேயே முன்மாதிரி இருக்கிறது. சென்னையின் சிறுநீரக மருத்துவர் எம். கே. மணி தொடங்கிய கிட்னி ஹெல்ப் டிரஸ்ட், சென்னைக்கு அருகில் உள்ள கிராமங்களில் உள்ளூர்ப் பெண்களுக்கே பயிற்சி தந்து வீடு வீடாக அனுப்பியது. சல்ஃபோசாலிசிலிக் அமிலம் விட்டால் சிறுநீர் கலங்குகிறதா என்று பார்ப்பார்கள்; பெனடிக்ட் கரைசலில் சர்க்கரை பார்ப்பார்கள்; இரத்த அழுத்தம் அளப்பார்கள். உங்கள் பள்ளி வேதியியல் ஆய்வகத்தில் நடப்பதற்கு மேல் எதுவும் இல்லை. கண்டறிந்தவர்களுக்கு விலை மலிந்த பழைய மருந்துகளாலேயே அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுப்படுத்தினார்கள். ஒரு நோயாளிக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்யும் செலவை நினைத்துப் பாருங்கள். அந்தக் கண்ணாடிக் குழாயின் மதிப்பு விளங்கும்.

சரி, சிறுநீரகத்தைக் கெடுப்பவை எவை? முதல் இரண்டு இடம் சர்க்கரை நோய்க்கும் உயர் இரத்த அழுத்தத்துக்கும். இவற்றைப் பற்றி நிறையப் படித்திருப்பீர்கள். நான் வலி மாத்திரையைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் அதைச் சீட்டில்லாமல் கடையில் வாங்கி வரும் வேலை பல வீடுகளில் உங்களுடையது. டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்றவை கிளாமருலஸுக்குள் வரும் நாளத்தை விரித்து வைக்கும் பொருள் உண்டாவதைத் தடுக்கின்றன. நாளம் சுருங்கினால் அழுத்தம் குறையும், வடிகட்டலும் குறையும். நல்ல உடல்நலம் உள்ளவர் ஒரு நாள் சாப்பிட்டால் ஒன்றும் ஆகிவிடாது. சர்க்கரை நோயாளி, முதியவர், வெயிலில் வியர்த்து நீர் வற்றியவர் ஆகியோர் மாதக்கணக்கில் சாப்பிடுவதுதான் ஆபத்து.

இதே டைக்ளோஃபினாக் நம் நாட்டுப் பாறுக் கழுகுகளை என்ன செய்தது தெரியுமா? மாடுகளுக்கு ஊசியாகப் போட்டார்கள். இறந்த மாட்டைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகம் செயலிழந்து, உள்ளுறுப்புகளின் மேல் யூரிக் அமிலம் வெண்ணிறமாகப் படிந்து, அவை கூட்டங் கூட்டமாக மடிந்தன. சில இனங்கள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் அழிந்துபோயின. காரணம் 2004இல்தான் தெளிவாயிற்று. 2006இல் இந்தியா கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தது. வானில் வட்டமிட்ட பறவைக் கூட்டத்தை ஒழித்தது ஒரு சிறுநீரக நோய்.

‘இயற்கை மருந்து’ என்ற பெயரும் காப்பீடு அன்று. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிய மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. அதில் கலந்திருந்தது அரிஸ்டோலோக்கிய அமிலம் உள்ள ஒரு செடி. நம் காடுமேடுகளில் வளரும் ஆடுதின்னாப்பாளையும் அதே குடும்பம்தான். ஆடே தின்னாததை நாம் ஏன் தின்ன வேண்டும்? முகத்தைச் சிவப்பாக்கும் களிம்பும் இப்பட்டியலில் உண்டு. பாதரசம் கலந்த களிம்பைப் பூசியவர்களுக்குச் சிறுநீரில் புரதம் ஒழுகும் நோய் வந்ததைக் கேரளத்தின் மலப்புரம் மாவட்ட மருத்துவர்கள் 2023இல் எடுத்துக் காட்டினார்கள். களிம்பை நிறுத்தியதும் பலர் தேறினர்.

இன்னொரு நோய் மருத்துவர்களையே திகைக்க வைத்திருக்கிறது. இலங்கையின் அனுராதபுரம் பகுதியிலும், ஆந்திரத்தின் உத்தானம் பகுதியிலும், மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டங்களிலும், சர்க்கரையோ அழுத்தமோ இல்லாத உழவர்களுக்குச் சிறுநீரகம் கெடுகிறது. சந்தேகிக்கப்படும் காரணங்களுள் ஒன்று வெப்பம்: கடும் வெயிலில், போதிய நீரின்றி, ஆண்டுக்கணக்கில் உடல் உழைப்பது. நம் உப்பளத் தொழிலாளர்களிடமும் விவசாயக் கூலிகளிடமும் இதைப் பற்றி ஆய்வுகள் நடந்துள்ளன. உங்கள் வீட்டில் யாரேனும் அத்தகைய வேலையில் இருந்தால், அவர்களுக்கு நிழலும் நடுநடுவே குடிநீரும் ஓய்வும் சலுகைகள் அல்ல, உரிமைகள்.

இதைக் கேட்டுவிட்டு, “நாளைக்கு ஐந்து லிட்டர் குடித்துச் சிறுநீரகத்தைக் கழுவுகிறேன்” என்று கிளம்பிவிடாதீர்கள். 180 லிட்டர் வடிகட்டும் உறுப்புக்கு நம் இரண்டு குவளை கூடுதல் நீர் ஒரு பொருட்டே அன்று. சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருக்கும்படி குடித்தால் போதும். கல் உண்டாகும் உடல்வாகு உள்ளவர்கள் மட்டும் கூடுதலாகக் குடிக்க வேண்டும். பள்ளிக் கழிப்பறை சரியில்லை என்பதற்காக நாள் முழுதும் நீர் குடிக்காமல் இருக்கும் மாணவிகளை நான் அறிவேன். அவர்களுக்கு அறிவுரை சொல்வதற்கு முன் கழிப்பறைக்குத் தண்ணீர் வசதி செய்து கொடுக்க வேண்டும்.

ஆய்வுக்கூடங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. வங்கிக் கணக்குப் புத்தகத்தில் பழைய இருப்பு தெரிவது போல, கிரியாட்டினின் தாளிலும் அதே நபரின் முந்தைய எண்களை அச்சிட்டால் என்ன? கணிப்பொறி இருக்கும்போது இது பெரிய காரியமா? வடிகட்டல் வீதத்தை அச்சிடாத தாள்கள் இன்றும் கைக்கு வருகின்றன. வயதும் பாலினமும் தெரிந்தால் போடக்கூடிய கணக்கு அது. அதுவரை அந்த வேலையை வீட்டுக்கு ஒரு மாணவர் ஏற்றுக்கொள்ளலாம். பழைய தாள்களைத் தேதி வரிசையில் கோத்து, தலைகீழியை வரைபடத் தாளில் குறித்து, மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அப்பாவின் கையில் கொடுத்து அனுப்புங்கள். பொருள் சொல்ல வேண்டியவர் அவர். சில நல்ல மருந்துகளைத் தொடங்கும்போது கிரியாட்டினின் கொஞ்சம் ஏறி நிற்பது எதிர்பார்த்ததே. உங்கள் கோட்டில் ஒரு புள்ளி சறுக்கியதைக் கண்டு மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள்.

கோக்கும்போது அலகுகளைக் கவனியுங்கள். சில தாள்களில் ‘யூரியா’ இருக்கும், சிலவற்றில் ‘யூரியா நைட்ரஜன்’, அதாவது பி.யு.என்., இருக்கும். யூரியாவின் மூலக்கூறு எடை 60; அதில் நைட்ரஜன் 28; ஆக ஒன்று மற்றொன்றைப் போல் 2.14 மடங்கு. போன ஆண்டு யூரியா 40, இந்த ஆண்டு பி.யு.என். 19 என்றால் எதுவும் குறைந்துவிடவில்லை. வெளிநாட்டில் உள்ள உறவினர் கிரியாட்டினின் 106 என்று எழுதினாலும் அலற வேண்டாம். அது மைக்ரோமோல் கணக்கு. 88.4-ஆல் வகுத்தால் நம் 1.2 வந்துவிடும்.

தமிழக அரசு 2023இல் சிறுநீரகம் காக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கி, ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே சிறுநீரில் புரதம் பார்க்க ஏற்பாடு செய்தது. சர்க்கரையோ இரத்த அழுத்தமோ உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையேனும் இந்தச் சோதனையைச் செய்துகொள்ள வேண்டும். வீட்டில் அப்படி யாரேனும் இருந்தால் அழைத்துப் போங்கள். காலையில் முதலில் கழிக்கும் சிறுநீர் ஏற்றது. தொடக்கத்தில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைச் சுத்தமான புட்டியில் பிடிக்க வேண்டும். காய்ச்சல் அடிக்கும்போதோ, முந்தைய நாள் கடுமையாக ஓடி உழைத்திருந்தாலோ புரதம் தற்காலிகமாகத் தெரியக்கூடும். நான்கு நாள் கழித்துப் போகலாம். ஒரு முறை தெரிந்தால் மூன்று மாதத்துக்குள் இன்னும் இரு முறை பார்த்து உறுதி செய்வார்கள். போகும்போது பையில் உள்ள பழைய தாள்களையும் எடுத்துக்கொள்ளுங்கள்.